பிரித்துப் போட்ட ஃபேன்

தூதரகத்தில் அவருக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. பொருத்தமாக இருந்ததால் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊரில் மேலிடம் கொதித்துப்போய் ஒரு கடிதம் அனுப்பினால், அது பஞ்சுவின் கை வழியாக அந்த நாட்டு அதிகாரிகளிடம் போய்ச் சேரும்போது யாருக்கும் எங்கும் குத்தாது. 'இது அநியாயம்' என்பது 'எங்களுக்குச் சற்று வருத்தம்' ஆகிவிடும். 'உடனே பதில் வேண்டும்' என்பது 'தங்களுக்கு வசதிப்படும் நேரத்தில்' ஆகிவிடும். பூசி மெழுகுவதற்கென்றே ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிற உத்தியோகம் அது. அதை அவர் ஒரு குறையும் இல்லாமல் செய்துவந்தார்.

அந்த நாட்டில் வந்து மாட்டிக்கொள்ளும் நம் ஆட்களைக் கவனிப்பது அவர் பொறுப்பு. பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர்கள், ஆஸ்பத்திரியில் துணையில்லாமல் கிடப்பவர்கள், வாயைக் கொடுத்துப் போலீசில் சிக்கியவர்கள் என்று தினமும் யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் அவர் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தவர், லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்கு ஊரிலிருந்து வந்திருந்த லிஃப்ட்காரர் ஒருவர்தான்.

லிஃப்ட்காரர் செய்த குற்றத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. உயரமான ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். மொட்டை மாடியில் மெஷின் ரூமுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். வயர்கள் தாறுமாறாகக் கிடந்தன. எது எங்கே போகிறது என்று பிடிபடாமல், ஒரு போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் கூட்டாளிக்கு அனுப்பி யோசனை கேட்டார். வயர்களுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து மதிலுக்குள், யாரும் பார்க்கக் கூடாத ராணுவ இடம் ஒன்று இருந்தது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது வயர் மட்டும். நீதிமன்றத்தின் கண்ணுக்குத் தெரிந்தது ஜன்னல் மட்டும். உளவாளி என்று எழுதி, வருஷக்கணக்கில் தண்டனை கொடுத்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

அவரை வெளியே கொண்டுவர நடந்த முயற்சியை விவரமாகச் சொன்னால் கேட்பவருக்குக் கொட்டாவி வரும். தூதரகத்திலிருந்து கடிதம் போகும், கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும். நினைவூட்டிக் கடிதம் போகும், அதுவும் போய் அதன் மேலேயே விழும். பிறகு பஞ்சு தானே கிளம்பி அந்த நாட்டு வெளியுறவு அலுவலகத்துக்குப் போவார். நீளமான நடை, சுவரோரம் நாற்காலிகள், ஜன்னலில் வாடிய தொட்டிச்செடி. விவகாரத்தைக் கையில் வைத்திருந்த அதிகாரி வழுக்கைத்தலையர், நல்ல மனிதர், பிடி மட்டும் கொடுக்கமாட்டார். இருவரும் தேநீர் குடித்தபடி முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள். எழுந்திருக்கும்போது, "அந்த லிஃப்ட் விஷயம்..." என்று பஞ்சு இழுப்பார். "பரிசீலனையில் இருக்கிறது..." என்று அவரும் இழுப்பார். திரும்பி வரும் வழியில் பஞ்சு அந்தத் தொட்டிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். அங்கே தன்னால் ஆகக்கூடிய காரியம் அது ஒன்றாவது இருக்கட்டும் என்று.

ஆனாலும் விடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். தூதரை எழுத வைத்தார். அந்தப் பக்கம் வந்த ஓர் அமைச்சரைப் பிடித்து விருந்தில் காதோடு காதாகப் பேச வைத்தார். எது பலித்ததோ, அந்த நாட்டு அதிபர் வருஷத்துக்கு ஒருமுறை கைதிகளில் சிலரை மன்னித்து அனுப்புவாரே, அந்தப் பட்டியலில் லிஃப்ட்காரர் பெயரும் சேர்ந்தது. ஒரே ஒரு நிபந்தனை. மன்னிப்புக் குழு முன்னால் கைதியே வந்து நின்று, தன் வாயால் கேட்க வேண்டும். வக்கீல் கேட்டால் செல்லாது, தூதரே வந்து கேட்டாலும் செல்லாது.

அதற்கு முன்னால் அவரை ஒருமுறை பார்த்துவர பஞ்சுவுக்கு அனுமதி கிடைத்தது. முதல் சந்திப்பு ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பதிலேயே முடிந்துபோயிருந்தது. இந்தத் தடவை வீட்டிலிருந்து நாலு வார்த்தை கொண்டுபோனால் மனுஷனுக்குத் தெம்பாக இருக்கும் என்று பஞ்சு ஊருக்குப் போன் போட்டார்.

லிஃப்ட்காரரின் மனைவி பஸ் கண்டக்டர். நெரிசலில் பின்படிக்கட்டில் நிற்பவனை முன்வாசலில் நின்றே இறக்கிவிடுகிற குரல். ஒரு டிரிப் முடிந்து, டிப்போவில் அடுத்த டிரிப்புக்கு நிற்கும்போதுதான் போனை எடுப்பார். பின்னால் எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும், அதையும் மீறிப் பேசுவார். வீட்டுக்காரருக்கு என்ன சொல்லட்டும் என்று பஞ்சு கேட்டதுதான் தாமதம், கண்டக்டர் அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"ஹால் ஃபேனைப் பிரிச்சுப் போட்டுட்டுப் போனாரே, அது இன்னும் அப்படியே கிடக்குன்னு சொல்லுங்க சார். கிளம்புற அன்னைக்குக் காலையில ஏதோ சத்தம் வருதுன்னு கழட்டினாரு. வயர் ஒரு பக்கம் தொங்குது, இறக்கை ஒரு பக்கம் கிடக்குது. நானும் என் பொண்ணும் புழுங்கிச் சாகுறோம். லீவுல வந்து மாட்டித் தர்றேன்னு சொன்ன வாய்க்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கான்னு கேளுங்க. வேற ஆளைக் கூப்பிட்டு மாட்டிக்குவேன்னு மட்டும் நெனைக்க வேணாம். அவர் பிரிச்சது, அவர்தான் வந்து மாட்டணும்."

பஞ்சு போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார். உள்ளே கிடந்து வாடுகிற மனிதனிடம் போய் இதைச் சொல்வதா? அதுவும் வயர், ஸ்க்ரூ என்று உளவு வழக்குக் கைதியிடம் பேச்செடுத்தால் கதை கந்தலாகிவிடும். சிறை விதி தெளிவாக இருந்தது: உடல்நலம், உணவு, குடும்பம் தவிர வேறு பேசக் கூடாது, எந்திரம் பற்றி மூச்சு விடக் கூடாது. ஆகவே அவர் வழக்கம்போல, யாரும் கேட்காமலே, அந்த அம்மாவின் வார்த்தைகளைப் பூசி மெழுகினார்.

சிறையின் சந்திப்பு அறையில் தரையோடு முடுக்கிய ஒரு மேஜை, மூன்று நாற்காலி. மூன்றாவது நாற்காலியில் அவர்கள் தரப்பு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருப்பார். நம் மொழியைப் புத்தகத்திலிருந்தே கற்றுக்கொண்ட பெண்மணி. "தாங்கள் உரையாடத் தொடங்கலாம்" என்பார். பஞ்சு மனத்துக்குள் அவரை அம்மையார் என்றே கூப்பிட்டு வந்தார். பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் அம்மையார் எழுதிக்கொள்வார்.

லிஃப்ட்காரர் இளைத்திருந்தார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. மேஜைக் காலில் ஆடிக்கொண்டிருந்த ஒரு ஸ்க்ரூவைக் கட்டைவிரல் நகத்தால் திருகிக்கொண்டே பேசினார். போன தடவையும் அதே ஸ்க்ரூவைத்தான் திருகிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் குழு விஷயத்தைக் கேட்டதும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்து பஞ்சுவும் நெகிழ்ந்துபோய், வீட்டிலிருந்து சேதி கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். மனைவி உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறார், உங்கள் மனசு கஷ்டப்படக் கூடாது என்று சொன்னார், வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு கவலையும் வேண்டாம் என்றார்.

ஸ்க்ரூவைத் திருகிய விரல் நின்றது.

"அவளா சொன்னா?"

அவரேதான் என்றார் பஞ்சு.

"யாருக்கு என்ன ஆச்சு சார்? பொண்ணுக்கா?"

பஞ்சு பதறிப்போய், யாருக்கும் ஒன்றும் இல்லை, எல்லாரும் சுகம், எல்லாமே சரியாக இருக்கிறது என்று இன்னும் இரண்டு கரண்டி சேர்த்து ஊற்றினார். "எல்லாமே சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு லிஃப்ட்காரர் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாசத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு பஞ்சு நிறைந்த மனசோடு வெளியே வந்தார். படித்தவர், உலகம் சுற்றியவர், ஆனால் இதில் இப்படி ஒரு மண்டூகமாக இருந்தார்.

அந்த வாரமே வழுக்கைத்தலையர் கூப்பிட்டார். உங்கள் ஆள் சாப்பிட மறுக்கிறார், குழு முன்னால் தனக்குக் கேட்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாராம், வரவில்லை என்றால் பெயரை எடுத்துவிடுவார்கள், அடுத்த வருஷம் மறுபடி சேர்ப்பது என்னால் ஆகாது என்றார். இழுக்காமல், முழு வாக்கியமாகச் சொன்னார்.

வேறு வழி தெரியாமல் கண்டக்டர் அம்மாவுக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னார். தான் சொன்ன சேதியையும், மென்று விழுங்கிக்கொண்டே, ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார்.

"நான் எப்ப சார் அப்படிச் சொன்னேன்?" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம்கூட இல்லை. "கல்யாணம் ஆனதுலேருந்து ஒரே ஒரு தடவைதான் அவர்கிட்ட அந்த மாதிரி பேசியிருக்கேன். அவங்க அம்மா தவறின அன்னைக்கு. வேலை செய்யுற எடத்துக்கே போயி, 'ஒண்ணும் இல்லங்க, கவலைப்படாதீங்க, வாங்க வீட்டுக்குப் போகலாம்'னு சொன்னேன். அப்பவே அவருக்குப் புரிஞ்சுபோச்சு. நான் திட்டாம பேசினா, யாரோ செத்துட்டாங்கன்னுதான் சார் அவருக்கு அர்த்தம்."

பஞ்சு போனை மறு காதுக்கு மாற்றினார்.

"அதோட, எல்லாம் சரியா இருக்குன்னு வேற சொல்லியிருக்கீங்க. எல்லாம் சரியா இருந்தா அவர் எதுக்கு சார் வரணும்?"

பஞ்சு வெட்கப்பட்டார். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு நாடு கோபித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டவர், ஒரு மனிதனின் நம்பிக்கையை நல்ல வார்த்தை சொல்லியே கெடுத்திருந்தார். அப்புறம், நீங்கள் சொன்னதை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்கள், நான் மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன் என்றார்.

அன்று தூதரகத்தில் நடந்த கூத்தை எல்லாரும் நெடுநாள் சொல்லிச் சிரித்தார்கள். பஞ்சு அறைக்கதவைச் சாத்த மறந்துவிட்டார். போனில் அந்த அம்மா சொல்லிக்கொடுக்க, இவர் திருப்பிச் சொன்னார். "அப்படி இல்ல சார், நீங்க சொன்னா கெஞ்சுற மாதிரி இருக்கு" என்று அந்த அம்மா திருத்தினார். இவர் மறுபடி சொன்னார். வெக்கம் என்ற இடத்தில் அழுத்த வேண்டும், இறக்கை என்ற இடத்தில் கையை வீச வேண்டும் என்று பாடம் நடந்தது. ஜன்மத்தில் குரலை உயர்த்தாத மனிதர், "சொன்ன வாய்க்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?" என்று கத்தியது தூதரின் அறை வரைக்கும் கேட்டது. தூதர் எட்டிப் பார்த்தார். கையை வீசிக்கொண்டு நின்ற பஞ்சுவைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

மறுபடி பார்க்க அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடு. பஞ்சு வெளியுறவு அலுவலகத்துக்குப் போனார். தேநீர் வந்தது, தொடவில்லை. முழங்காலைப் பற்றி விசாரிக்கவில்லை.

"நாளைக்கு நான் அவரைப் பார்க்கணும். தப்பு என்னோடது. நான்தான் சரி பண்ணணும்," என்றார்.

வழுக்கைத்தலையர் அவரை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இவ்வளவு காலத்தில் பஞ்சு அவரிடம் பேசிய முதல் நேரான பேச்சு அது. அவருக்கு மறுக்க வாய் வரவில்லை. கையோடு போனை எடுத்துச் சிறைக்குப் பேசிவிட்டார்.

மறுநாள் அதே அறை, அதே மூன்று நாற்காலி. லிஃப்ட்காரரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கை இரண்டும் மடியில் அசையாமல் கிடந்தன. மேஜைக் காலில் ஸ்க்ரூ பாதி வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. உளவு வழக்கில் உள்ள ஒருவனிடம், எழுதிக்கொண்டே இருக்கும் அம்மையார் முன்னால், தான் சொல்லப்போவது இருவரையும் கவிழ்த்துவிடலாம் என்று பஞ்சுவுக்குத் தெரியும். தெரிந்தும் ஆரம்பித்தார்.

"ஹால் ஃபேனைப் பிரிச்சுப் போட்டுட்டுப் போனீங்களே, அது இன்னும் அப்படியே கிடக்காம்."

லிஃப்ட்காரர் தலையை நிமிர்த்தினார்.

"வயர் ஒரு பக்கம் தொங்குதாம், இறக்கை ஒரு பக்கம் கிடக்குதாம்." பஞ்சு கையை வீசினார். "அவங்களும் பொண்ணும் புழுங்கிச் சாகுறாங்களாம். வந்து மாட்டித் தர்றேன்னு சொன்ன வாய்க்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கான்னு கேக்கச் சொன்னாங்க."

"நிறுத்துக" என்றார் அம்மையார். பேனா நின்றிருந்தது. "வயர் என்று கூறினீர்கள். அஃது எந்திரம் சார்ந்த பொருள். இஃது ஏதேனும் சங்கேதமா?"

"சங்கேதம் இல்லம்மா. வீட்டுச் சண்டை."

அம்மையார் லிஃப்ட்காரரைப் பார்த்தார். அந்த மனிதர் கண்ணில் நீர் வழிய, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் சிரிக்கிறார் என்று அம்மையார் கேட்டார். திட்டு வாங்கியதற்கு என்றார் பஞ்சு. அம்மையார் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"அந்த விசிறி எவ்வளவு காலமாக அவ்வாறு கிடக்கிறது?"

"இவர் வீட்டை விட்டுக் கிளம்பின நாள்லேருந்தும்மா."

அம்மையார் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். "எங்கள் இல்லத்திலும் ஓர் அலமாரிக் கதவு கிடக்கிறது," என்றார். "குடும்பம் பற்றிப் பேச அனுமதி உண்டு. தொடர்க."

மீதியையும் பஞ்சு சொல்லி முடித்தார். வேறு ஆளைக் கூப்பிடமாட்டாராம், நீங்கள் பிரித்தது நீங்கள்தான் வந்து மாட்ட வேண்டுமாம் என்ற இடத்தில் மட்டும், எவ்வளவோ ஒத்திகை பார்த்திருந்தும், அவர் குரல் கம்மிவிட்டது. லிஃப்ட்காரர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஸ்க்ரூவையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தாளா, இல்லை பெருக்கித் தள்ளிவிட்டாளா என்று விசாரித்தார். அது தெரியாதே என்றார் பஞ்சு. "தொலைச்சிருப்பா" என்று தலையில் அடித்துக்கொண்டார் லிஃப்ட்காரர். அவர் கை தன்பாட்டுக்கு மேஜைக் காலுக்குப் போனது. அன்று அவர் சாப்பிட்டார்.

குழு முன்னால் பேசுவதற்கு வக்கீல் அழகான உரை ஒன்றைத் தயாரித்துக் கொடுத்திருந்தார். அதிபரின் பெருந்தன்மை, இரு நாட்டு நட்பு எல்லாம் அதில் இருந்தன. லிஃப்ட்காரருக்கு அங்கே போய் நின்றதும் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. ஏன் விடுதலை கேட்கிறாய் என்று குழுவில் இருந்தவர்கள் கேட்டார்கள். "தெரியாம போட்டோ எடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க. வீட்ல ஃபேனைப் பிரிச்சுப் போட்டுட்டு வந்துட்டேன். போயி மாட்டணும்," என்றார். அம்மையார்தான் அங்கேயும் மொழிபெயர்த்தார். ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று பிறகு வழுக்கைத்தலையர் சொன்னார். தன் கையில் கிடைத்திருந்தால் அதையும் மெருகேற்றிக் கெடுத்திருப்பேன் என்று பஞ்சு நினைத்துக்கொண்டார்.

அதிபர் கையெழுத்துப் போட்டார். சிறை வாசலில் போய் லிஃப்ட்காரரைக் கூட்டி வந்தவர் பஞ்சுதான். பயணத்துக்கு வேண்டிய ஏற்பாடு முடிகிற வரைக்கும் தன் அறையில் உட்கார வைத்து, ஊருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். லிஃப்ட்காரர் போனைக் கையில் வாங்கத் தயங்கியதால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். காதை என்ன செய்ய முடியும்?

வழக்கமான எஞ்சின் சத்தம் இல்லை. கண்டக்டர் அம்மா அன்று டூட்டிக்குப் போகவில்லை போலிருக்கிறது.

"என்னங்க," என்றது குரல். மெல்லிய குரல். "சாப்பிட்டீங்களா? உடம்பு எப்படி இருக்கு? பத்திரமா வாங்க. ஃபேன் கிடக்கட்டும், அவசரம் ஒண்ணும் இல்ல."

லிஃப்ட்காரரின் முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"யாருக்கு என்ன ஆச்சு? பொண்ணு எங்க?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா. அவளுக்கு ஒண்ணும் இல்ல."

"பின்ன யாருக்கு? மறைக்காம சொல்லு."

பஞ்சு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத்தான்," என்றது குரல். "நீங்க போனதுலேருந்து எனக்குத்தாங்க. இதை நான் யார்கிட்ட சொல்றது?"

லிஃப்ட்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அது அங்கேயும் கேட்டிருக்க வேண்டும்.

"அழுறீங்களா? அந்த சார் முன்னாடி நின்னுக்கிட்டா? கண்ணைத் துடைங்க மொதல்ல. கைக்குட்டை இருக்கா, இல்ல அதையும் எங்கயாவது போட்டுட்டு வந்தாச்சா?"

லிஃப்ட்காரர் அப்பாடா என்று உட்கார்ந்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் இன்னமும் திரும்பாமல் நின்ற பஞ்சுவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒண்ணும் இல்ல சார். வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க."